யோகமும் யோக்கியதையும்

திருவனந்தபுரத்துக்குப் புதிதாக வரும் தமிழர் காதில் முதல் வாரத்திலேயே விழுந்துவிடும் சொல் யோகம். பட்டம் பகுதியில் ஓர் அரசு அலுவலக வராந்தாவிலோ, பாளையத்தில் பஸ் நிறுத்தத்திலோ ஒருவர் மற்றவரிடம் “நாளெ வைகிட்டு யோகமுண்டு” என்பார். நாளை மாலை யோகம் உண்டு. நம் காதுக்கு அது அதிர்ஷ்டம். அவர் சொன்னதோ, நாளை மாலை கூட்டம் இருக்கிறது, வந்துவிடு என்று. அமைச்சரவை கூடினால் அங்கே ‘மந்திரிசபா யோகம்’. சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் ‘வார்ஷிக பொதுயோகம்’. அந்தப் ‘பொது’ நம்முடையது. ‘எனிக்கு யோகமில்ல’ என்று விதியை நொந்துகொள்வதும் அதே மலையாளத்தில் உண்டு. கூட்டமும் விதியும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன.

கணக்கு எழுதும் வேலைக்காக நான் இந்த ஊருக்கு வந்தபோது நிரப்பிய முதல் மலையாளப் படிவத்தில் இன்னொரு சொல் நின்றது: ‘வித்யாப்யாச யோக்யத’. கல்வித் தகுதி. யோக்கியதை என்ற சொல்லை அதற்கு முன் நான் பெரும்பாலும் சண்டைகளில்தான் கேட்டிருக்கிறேன். பட்டத்தில் தலைமையகம் கொண்டிருக்கும் கேரளப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிப்புகளில் மூன்றாவது சொல் வரும்: ‘உத்யோகார்த்தி’. உத்தியோகத்தை நாடி வருபவர். யோகம், யோக்கியதை, உத்தியோகம். கூட்டம், தகுதி, வேலை. மூன்றும் ஒரு வேரில் கிளைத்தவை. அவற்றின் உறவு அகராதிக்குள் மட்டும் அடங்குவதில்லை, இந்த ஊரின் வரலாற்றிலும் அது கிடக்கிறது என்பது என் துணிபு.

வேர் ‘யுஜ்’ என்னும் வடமொழி வினை. இணைத்தல், பூட்டுதல் என்பது பொருள். தேரில் குதிரையைப் பூட்டுவதும் ஏரில் மாட்டைப் பூட்டுவதும் யுஜ். ஆங்கிலத்தில் நுகத்தடியைக் குறிக்கும் ‘யோக்’, லத்தீனில் ‘யுகும்’ எல்லாம் இதன் தூரத்துச் சொந்தங்கள். பூட்டுவது யோகம் என்றால் எதை எதோடு பூட்டுகிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். மனத்தைப் பரம்பொருளோடு பூட்டினால் அது யோகியின் யோகம். கிரகத்தோடு கிரகம் கூடினால் சோதிடரின் யோகம். பஞ்சாங்கத்தின் ஐந்து அங்கங்களில் ஒன்றான யோகம் 27 வகை. குருவும் சந்திரனும் குறிப்பிட்ட வகையில் அமைந்தால் கஜகேசரி யோகம். தமிழில் யோகம் அதிர்ஷ்டமானது இந்த வழியாகத்தான்: வானத்தில் நடக்கும் கூடுகை, பூமியில் நமக்குக் கிடைக்கும் பேறு. மலையாள நாட்டில் அதே சொல் மனிதரோடு மனிதர் கூடுவதற்கும் பெயராயிற்று.

பூட்டத் தக்கது எதுவோ அது ‘யோக்ய’. நுகத்தைத் தாங்கும் மாடு, தேரை இழுக்கும் குதிரை. அந்தத் தன்மை யோக்கியதை. சொல் பிறந்த இடத்தில் அதற்கு ஒழுக்கத்தோடோ குலத்தோடோ உறவில்லை, ஒரு வேலையில் இணைந்து இழுக்க முடியுமா என்ற ஒரே கேள்விதான். உழவர்கள் இளங்காளையைப் பழக்கும் முறையை நினைத்துக்கொண்டால் இது இன்னும் துலங்கும். பழகாத காளையைத் தனியாக ஓட்டிப் பழக்குவதில்லை. பழகிய மாட்டோடு ஒரே நுகத்தில் பூட்டி, முதலில் வெற்று நுகமாக நடத்தி, பிறகு மணற்பாங்கான நிலத்தில் ஏர் பிடிப்பார்கள். எப்போது திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை இளங்காளை பக்கத்து மாட்டின் தோளிலிருந்து கற்கிறது. பூட்டப்பட்ட பிறகுதான் பூட்டத் தக்கதாகிறது.

வடமொழியில் ‘யோக்யா’ என்று நெடிலில் முடியும் ஒரு பெண்பாற் சொல் உண்டு. அதற்குப் பொருள் பயிற்சி. சுஸ்ருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் ஒன்பதாம் அத்தியாயத்துக்கே ‘யோக்யாசூத்ரீயம்’ என்று பெயர். அறுவை மருத்துவம் கற்கும் மாணவன் நோயாளியைத் தொடும் முன் எதில் கை பழக வேண்டும் என்பதைச் சொல்லும் அத்தியாயம் அது. பூசணி, சுரை, தர்ப்பூசணி, வெள்ளரியில் வெட்டுப் பழக வேண்டும். நீரும் சேறும் நிரப்பிய தோற்பையில் பிளக்கப் பழக வேண்டும். ரோமத்தோடு கூடிய தோலில் சுரண்டவும், இறந்த விலங்கின் நாளத்திலும் ஆம்பல் தண்டிலும் துளையிடவும், மனித உருவப் பொம்மையின் உறுப்புகளில் கட்டுக் கட்டவும் பழக வேண்டும். எவ்வளவு கற்றிருந்தாலும் யோக்யா செய்யாதவன் வேலைக்கு அயோக்யன் என்று அங்கே முடிவு கட்டப்படுகிறது. அந்த அயோக்யன் கெட்டவன் அல்லன், கை பழகாதவன். நம் ஊரில் அயோக்கியன் என்பது வசவாகத் திரிந்ததை எண்ணினால், ஒரு நல்ல தொழிற்சொல்லை வீணடித்துவிட்டோம் என்றே எனக்குப் படுகிறது.

தமிழில் யோக்கியதைக்கு நேர்ந்ததும் அதுவே. பழைய வேலை விளம்பரங்களில் ‘யோக்கியதாம்சங்கள்’ என்று பட்டியலிடும் வழக்கம் இருந்தது. தனித்தமிழ் அலையில் ‘தகுதி’ அந்த இடத்துக்கு வந்தது. ‘தகு’ என்ற வேரிலிருந்து பிறந்த அழகான சொல், அதில் எனக்கு வருத்தமில்லை. வேலையிழந்த யோக்கியதை மட்டும் வசைச்சொல்லாகத் தெருவில் திரிகிறது. உத்தியோகத்தின் கதை வேறு. மேல்நோக்கிப் பூட்டுதல், அதாவது முனைதல், ஆயத்தமாதல் என்பதே ‘உத்யோகம்’. பாரதத்தில் ஐந்தாவது பருவமான உத்தியோக பருவம் போருக்கு முந்தைய முயற்சிகளையும் ஆயத்தத்தையும் சொல்வது. அதில் யாரும் வேலைக்கு மனுப்போடவில்லை. முயற்சியைக் குறித்த சொல் நம்மிடம் வந்து நாற்காலியைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

சொற்பொருள் தேடுவோர் இறுதியில் போய் நிற்கும் இடம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. 1926இல் அதன் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப் பிள்ளை அதற்கு முன் வழக்கறிஞர். சட்டம் படித்ததும் முதலில் தொழில் நடத்தியதும் இதே திருவனந்தபுரத்தில். ஏட்டுச்சுவடிகளிலும் பழந்தமிழிலும் அவர் பெற்ற பயிற்சியை எந்த நீதிமன்றமும் அவருக்குக் கொடுக்கவில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை போன்ற அறிஞர்களின் நட்பில், தொழிலுக்கு வெளியே, சம்பளமில்லாத நேரத்தில் வந்தது அது. அவருக்கும் ஒரு தலைமுறைக்கு முன், மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளை இதே ஊரில் 1885இல் சைவப் பிரகாச சபையைத் தொடங்கினார். தத்துவப் பேராசிரியர் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, 1894இல் திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். மனோன்மணீயத்தின் ஆசிரியர் என்று மட்டுமே நாம் நினைவில் வைத்திருப்பவர் இந்நிலத்துக் கல்வெட்டாய்வின் முன்னோடிகளில் ஒருவர்.

அந்தக் கல்வெட்டுகளின் உலகத்தில் கூட்டத்துக்குப் பெயர் பல. ஊர், சபை, பரடை. கடைசிச் சொல் ‘பரிஷத்’ என்பதன் நாட்டு வடிவம். சூழ உட்கார்தல் என்பது அதன் நேர்ப்பொருள். நாஞ்சில்நாட்டுச் சுசீந்திரம் கோயிலை நிர்வகித்த அவையார் ‘மூலபருடையார்’. யோகம் என்ற பெயரை இந்த ஊரில் புகழ்பெறச் செய்தது பத்மநாபசுவாமி கோயிலின் ‘எட்டரை யோகம்’. எட்டுப் பேருக்கு ஒவ்வொரு வாக்கு, மன்னருக்கு அரை வாக்கு, ஆக எட்டரை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். கோயில் நிலமும் வருமானமும் அவர்கள் கையில். மார்த்தாண்ட வர்மா 1729இல் ஆட்சிக்கு வந்த பிறகு அந்த அதிகாரத்தை ஒடுக்கி, 1750இல் நாட்டையே பத்மநாபனுக்கு ஒப்படைத்துத் தாம் அவனுடைய தாசனாக ஆண்டார். அந்த யோகத்தில் இடம் பிறப்பால் வந்தது. யாரும் போய்ச் சேர முடியாது, எதையும் கற்றுக்கொண்டு வெளியே வரவும் முடியாது. வேர்ச்சொல்லின் பொருளைப் பாதியாக வெட்டிய யோகம் அது.

மறுபாதியை மீட்டவர் இதே ஊரின் பேட்டையில் 1863இல் பிறந்த ஒரு மருத்துவர். பத்மநாபன் பல்பு சென்னையில் மருத்துவம் படித்துத் தேறித் திருவிதாங்கூர் மருத்துவத் துறையில் வேலை கேட்டார். ஈழவர் சாதியினர் என்பதால் மறுக்கப்பட்டது. யோக்கியதை கையில், உத்தியோகம் இல்லை. மைசூர் அரசு அவரை எடுத்துக்கொண்டது. பெங்களூரில் பிளேக் பரவியபோது அங்கே பணியாற்றிய மருத்துவர் அவர். 1896இல் 13,176 ஈழவர்கள் கையெழுத்திட்ட மனு அவர் முயற்சியில் மகாராஜாவிடம் போனது. பலனில்லை. மனுவால் ஆகாததைச் செய்ய அவருக்கு ஓர் அமைப்பு தேவைப்பட்டது, அதன் கரு நெய்யாற்றின்கரைப் பக்கம் அருவிப்புறத்தில் ஏற்கெனவே இருந்தது. ஸ்ரீநாராயண குரு 1888இல் சிவலிங்கம் நிறுவிய இடம். அமாவாசை தோறும் அங்கே அன்னம் படைக்க ஒரு சிறு குழு இயங்கியது, பெயர் ‘வாவூட்டு யோகம்’. பழந்தமிழ் ‘உவா’தான் மலையாளத்தில் ‘வாவு’. உவா நாளில் ஊட்டும் யோகம். அந்தச் சிறு யோகம் வளர்ந்து 1903 மே 15 அன்று ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகமாகப் பதிவாயிற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியவர் அதன் முதல் செயலாளர் குமாரன் ஆசான். காய்க்கரைக் கடற்கரையில் பிறந்து, குருவின் ஏற்பாட்டிலும் பல்புவின் ஆதரவிலும் பெங்களூர், சென்னை, கல்கத்தா என்று படித்துத் திரும்பிய இளம் கவிஞர். அவர் கற்றது இலக்கியமும் சாஸ்திரமும். யோகத்தில் அவருக்கு வந்து சேர்ந்த வேலையோ உறுப்பினர் சேர்க்கை, பணம் திரட்டல், அரசுக்கு மனு எழுதல், ஆண்டுக் கூட்டம் நடத்தல். 1904இல் தொடங்கிய ‘விவேகோதயம்’ இதழையும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பதினாறு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். மலையாளக் கவிதையின் போக்கை மாற்றிய ‘வீண பூவு’ 1907இல் வந்தபோதும் அவர் செயலாளர்தான். ஸ்ரீமூலம் பிரஜாசபையில் உறுப்பினராகப் பேசினார். 1921இல் ஆலுவாப் பக்கம் ஓர் ஓட்டுத் தொழிற்சாலையே தொடங்கினார். கவிஞர் ஒருவர் தொழிற்சாலை நடத்தப் போனது வியப்பாகத் தெரியலாம். பதினாறு ஆண்டுகள் வரவுசெலவு பார்த்து, ஆள்களை ஒன்றுசேர்த்து, அரசோடு எழுத்தில் வாதாடிப் பழகியவர் அவர் என்பதை நினைத்தால் வியப்பு குறையும். யோகம் அவருக்கு யோக்யாவாக, பயிற்சிக்களமாக இருந்தது.

கூலி வாங்காமல் இப்படி உழைப்பவரை நாம் என்ன பெயரிட்டு அழைக்கிறோம்? தமிழில் பழைய பெயர் தொண்டர். சேக்கிழார் பாடிய நூலின் பெயரிலேயே அது இருக்கிறது. விடுதலை இயக்கம் அதைத் ‘தொண்டர் படை’யாக்கியது, கட்சிகள் பிறகு எடுத்துக்கொண்டன. இன்று நாம் சொல்லும் ‘தன்னார்வலர்’ ஒருவர் உள்ளத்தில் எழும் விருப்பத்தைச் சுட்டுகிறது. ‘ஆர்வலர்’ குறளிலேயே உள்ள சொல், அங்கே அன்புடையவரைக் குறிக்கும். மலையாளம் வேறு வழியில் போயிற்று. அங்கே ‘சன்னத்த ப்ரவர்த்தகர்’. ‘சன்னத்த’ என்றால் கச்சை கட்டியவர், கவசம் பூண்டு நிற்பவர். இதிலும் கட்டுதல் இருக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு மாநில அரசு அமைத்த தொண்டர் அணிக்கும் ‘சன்னத்த சேனை’ என்றே பெயர். ஆர்வம் உள்ளே இருந்தால் போதாது, இடுப்பில் கட்ட வேண்டும் என்கிறது மலையாளம். இந்த ஒன்றில் எனக்கு அவர்கள் சொல்தான் பிடித்திருக்கிறது.

கல்வெட்டில் ‘பரடை’யாகத் தேய்ந்த பரிஷத் 1962இல் முழு வடிவில் திரும்பி வந்தது. அறிவியலை மலையாளத்தில் எழுத விரும்பியவர்கள் கோழிக்கோட்டில் கூடிக் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தைத் தொடங்கினார்கள். தொழிலால் அவர்கள் பொறியாளர்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள். பெரும்பாலோருக்கு எழுத்து தொழிலல்ல. அணுப் பொறியாளரான எம்.பி. பரமேஸ்வரன் பின்னர் திருவனந்தபுரத்தில் கேரள பாஷா இன்ஸ்டிடியூட்டில் நூல்கள் உருவாக்கும் பணிக்கு வந்தார். சைலன்ட் வேலி மின்திட்டத்தைப் பற்றி 1979இல் பரிஷத் வெளியிட்ட ஆய்வைப் பார்த்தால் நுகம் எப்படிப் பூட்டப்பட்டது என்பது தெரியும்: தாவரவியலாளர், பொறியாளர், வேளாண் அறிஞர், பொருளியலாளர் எல்லாம் ஒரே ஆவணத்தில். பொறியாளர் காட்டைப் பற்றியும் தாவரவியலாளர் யூனிட் கணக்கைப் பற்றியும் கற்றுக்கொள்ளாமல் அப்படி ஓர் ஆவணம் எழுத முடியாது. 1984இல் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரிஷத்துக்கு 1996இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தது. 1980இல் நம் பக்கத்தில் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதே குடும்பம்தான். அது ‘இயக்கம்’ என்று பெயர் வைத்துக்கொண்டது.

அதே 1996இல், ஆகஸ்ட் 17ஆம் நாள், சிங்க மாதப் பிறப்பில், மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பஞ்சாயத்துகளுக்கும் நகராட்சிகளுக்கும் போனது. பஞ்சாயத்துகள் எழுதிய திட்டங்களின் தொழில்நுட்பம் சரியா என்று பார்க்கத் துறைகளில் போதிய ஆள் இல்லை. ஓய்வுபெற்ற பொறியாளர்கள், மருத்துவர்கள், விஞ்ஞானிகளைக் கொண்டு தன்னார்வத் தொழில்நுட்ப அணி ஒன்று சேர்க்கப்பட்டது. முப்பதாண்டு மேலிருந்து உத்தரவு போட்டவர்கள் வார்டு மெம்பர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கல்வெர்ட்டின் அளவைப் பேச வேண்டியிருந்தது. அறுபது வயதுக்கு மேலும் யோக்யா உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு குழுவைச் சொல்லாமல் போக மனமில்லை. 1971இல் தட்டச்சுக்காக மலையாள எழுத்து சீர்திருத்தப்பட்டது. 1978இல் நம் ணை, லை, றா மாறியதை நினைவில் வைத்திருப்போருக்கு இது புரியும். அங்கே கூட்டெழுத்துகள் பிரிக்கப்பட்டன. கணினி வந்ததும், பிரித்ததற்கான காரணமே போய்விட்டதே, பழைய எழுத்தை ஏன் மீட்கக் கூடாது என்று கேட்டு 1999இல் ‘ரசனா அக்ஷரவேதி’ திருவனந்தபுரத்தில் கூடியது. ரசனா என்றால் இயற்றுதல். நம் ரசனையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்னின்ற ஆர். சித்ரஜகுமார் பாஷா இன்ஸ்டிடியூட்டில் பணியாற்றியவர். எழுத்துருவை வரைந்த கே.எச். ஹுசைன் பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் நூலகப் பணியில் இருந்தவர். நூற்றுக்கணக்கான கூட்டெழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்தார் அந்த நூலகர். பின்னர் ரசனா எழுத்துரு கட்டற்ற மென்பொருளாக வெளிவந்து, ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்ற தன்னார்வக் குழுவின் பராமரிப்புக்கு வந்தது. இந்தக் குழுவினர் தங்களைக் ‘கூட்டாய்ம’ என்று சொல்லிக்கொள்வார்கள். நம் ‘கூட்டு’ அதில் அப்படியே கேட்கிறது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து தொடங்கிவைத்ததும் இந்த நகரத்தில்தான். 1990இல் எழுந்த டெக்னோபார்க்கில் இன்று ஐ.டி. ஊழியர்களுக்குப் ‘பிரதித்வனி’ என்ற அமைப்பு இருக்கிறது. எதிரொலி என்று பொருள். பகலில் நிரல் எழுதுவோர் எடுத்த குறும்படங்களுக்கு விழா எடுக்கிறது, தொழில்நுட்ப வகுப்புகள் நடத்துகிறது, உரிமைப் பிரச்சினையும் பேசுகிறது.

என் யோகம் இவற்றை விடச் சிறியது. எங்கள் தொழில்சார் சங்கத்தின் கிளையில் மாதம் ஒரு கூட்டம். நான் சேர்ந்த மூன்றாவது மாதம் மினிட்ஸ் எழுத ஆள் இல்லை என்றார்கள். என் மலையாளம் அப்போது காய்கறிக் கடை மலையாளம். வயதான செயலாளர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, யார் சத்தம் போட்டார் என்பதை எழுதாதே, என்ன முடிவானது என்பதை மட்டும் எழுது என்றார். மூன்று ஆண்டுகள் எழுதினேன். எழுதத் தெரிந்தது, பேச வந்தது. ஒரு நீண்ட வாதத்தில் தீர்மானம் எந்த இடத்தில் பிறக்கிறது என்று கேட்கக் காது பழகியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது உறுப்பினர்களுக்கு வகுப்பெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு வாரம் தூங்காமல் படித்தேன். என் அலுவலக வேலை எனக்கு ஒருநாளும் தராத பயிற்சி அது. அடுத்து எனக்குக் கிடைத்த உத்தியோகம் அந்த வகுப்பால் கிடைத்தது.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையைத் தொண்டு என்ற பெயரில் இளைஞர்களிடம் வாங்குவது யோகமாகாது. நாற்காலி போடவும் பேனர் கட்டவும் மட்டும் புதியவர்களை அழைத்து, மேடையும் கணக்கும் கடிதமும் பழையவர்களே வைத்துக்கொள்ளும் சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அவை எட்டரை யோகங்கள். இளங்காளையைக் கொட்டிலில் கட்டிவைத்துவிட்டு, உழவு தெரியவில்லை என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

சங்கப் பொறுப்பிலிருப்போரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: அடுத்த ஆண்டறிக்கையைப் புதிதாகச் சேர்ந்தவர் எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். புதிதாகச் சேர்ந்தவரிடமும் ஒன்று கேட்கிறேன். வருகிற பொதுயோகத்தில் மினிட்ஸ் எழுத ஆள் வேண்டும் என்பார்கள். கை தூக்குங்கள்.